சிவப்புக்குள் நின்ற வீடு

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கேட்கப் போவதில்லை.

நீங்கள் உட்கார்ந்து கணினி தட்டும் இந்த அலுவலகம் ஒரு காலத்தில் கொப்பரைக் கிட்டங்கி. மேலே வௌவால், கீழே பெருச்சாளி. வாடகைக்குப் பிடித்து, ஓடு மாற்றி, கரண்டு இழுத்து, பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை கட்டியவன் நான். இராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்பு நிற்கிறதே, காற்று வந்தால் பெரிய கூட்டம் ஒன்று மெதுவாக ஜெபம் சொல்வது போல இரையுமே, சுனாமி போன பிறகு அங்கே வெறும் மணல் கிடந்தது. கன்று நட்டு, ஆட்டை விரட்டி, அதைக் காடாக்கியவன் நான். கரையோர ஊர்களில் மாதா கோயில் கோபுரத்தின் மேல் அபாயச் சங்கு ஏறியதும் என் வாயால்தான். ஒவ்வொரு பங்குச்சாமியாரின் முன்னாலும் உட்கார்ந்து, பேசி, திட்டு வாங்கி, மறுபடியும் போய் உட்கார்ந்து ஏற்றினேன்.

படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அப்பா பனையேறி. சுனாமிக்கு முன்னால் நான் நெய்யூர்ப் பக்கம் வாடகை ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். அரிசி ஏற்ற வேண்டும் என்று நிவாரணக்காரர்கள் என் வண்டியைப் பிடித்தார்கள். அரிசி இறக்கி முடித்த பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. சில வருடங்களில் இந்த நிறுவனத்துக்குக் கள ஒருங்கிணைப்பாளர் ஆனேன். அந்தப் பதவிக்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்று விதியில் எழுதியிருந்தது. விதியை மாற்றினார்கள். என்னை மாற்ற முடியவில்லை.

ஃபெல்லோஷிப் என்ற சொல்லை இந்தக் கடற்கரையில் புழங்கவிட்டவனும் நான்தான். டெல்லியிலும் பெங்களூரிலும் படித்த பிள்ளைகள் ஒரு வருடக் களப்பணிக்கு, காலநிலைக் கொள்கை என்று பேசிக்கொண்டு, முதுகில் ஒரு பையோடு ஜூன் மாதம் மழையோடு மழையாக வந்து இறங்குவார்கள். வருடம் முழுவதும் என் பொறுப்பு. ஊர்க்காரர்கள் அவர்களை "ஃபெல்லோ பிள்ளைகள்" என்றார்கள். முதல் வாரம் கடல் சத்தத்தில் தூங்க மாட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து எழுப்ப முடியாது. இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன்.

நம் தொழில் ஒரு மாதிரியான தொழில், மக்களே. கொத்தனார் சுவரைக் காட்டுவார். வைத்தியர் காயத்தைக் காட்டுவார். நாம் காட்டுவது இன்னும் வராத கடலை. இவர்களுடைய பிள்ளைகளின் காலத்தில், ஏதோ ஒரு ஆடி மாதத்தில், இந்த வாசல்படியில் ஏறப்போகும் தண்ணீரை இன்றைக்கே கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைக்கிறோம். கனவு காண்பவன் தன் கனவைத் தனக்குள் வைத்துக்கொள்வான். நாம் அடுத்தவருக்காகக் கனவு கண்டு, விடிந்ததும் போய் அதைச் சொல்கிறோம். அதுவும் நல்ல கனவு இல்லை. அதனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் இந்த வேலை இருக்கிறது. மற்றதெல்லாம் கணினி செய்துகொள்ளும்.

ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். இராஜாக்கமங்கலத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் ஒரு கத்தோலிக்க மீனவ ஊர். பெயர் சொல்ல மாட்டேன். ஏன் சொல்லவில்லை என்பது உங்களுக்கே போகப் போகப் புரியும்.

அந்த வருடம் வந்த ஃபெல்லோ, மதுமிதா என்று ஈரோட்டுப் பிள்ளை. கடலையே அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருந்தாளாம். ஊர்வாரியாகக் கடலரிப்புத் திட்டம் எழுதுவது அவள் வேலை. அவள் எழுதுவது மாநில அரசின் காலநிலைத் திட்டத்தில் ஒரு பகுதியாகப் போய்ச் சேரும் என்றார்கள். சந்து சந்தாக நடந்தாள். சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது, ஆனி ஆடிக் கடல் எதுவரை ஏறுகிறது, எந்த இடம் பள்ளம், எந்த இடம் மேடு என்று வீடு வீடாகக் கேட்டு, வானத்திலிருந்து எடுத்த ஊர்ப் படத்தின் மேல் மெல்லிய வண்ணம் பூசினாள். ஆபத்துக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள், மேட்டுக்குப் பச்சை. தை மாதம் படம் தயாரானது. கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்களே, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் பக்கத்துப் பங்குமன்றத்தில் தொங்கவிடலாம், ஊர் பார்க்கட்டும் என்றார்கள். ஆணி அடித்தது நான்.

அந்தக் காலையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு லேசாகிறது. பூசை முடிந்து ஊர் முழுவதும் படத்தின் முன்னால் வந்து நின்றது. தங்கள் ஊரைப் பருந்து பார்ப்பது போல அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலில் சத்தமே இல்லை. பிறகு விரல்கள் வந்தன. கோயிலைக் கண்டுபிடித்தார்கள். கோயிலிலிருந்து தெருவைப் பிடித்து, தெருவிலிருந்து கிணற்றைப் பிடித்து, தங்கள் கூரைக்கு வந்து சேர்ந்தார்கள். தன் வீட்டு மொட்டை மாடியில் காயும் துணியைக் கண்டுவிட்டேன் என்று ஒருத்தி சாதித்தாள். விக்டோரியா என்று ஒரு பெண், கணவனை இழந்தவள், கடற்கரையில் வரிசையாகக் கிடந்த வள்ளங்களில் ஒன்றின் மேல் விரலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

"இது எனக்க மாப்பிளைக்க வள்ளமாக்கும்" என்றாள்.

அவன் இறந்து, வள்ளத்தை விற்று, ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. படம் அதற்கு முன்னால் எடுத்தது. படத்துக்குள் அவன் இன்னும் உயிரோடு, வீட்டுக்குள் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கிறான். பின்னால் நின்றவர்களுக்கு அது தோன்றவில்லை.

"ஏட்டி, கைய எடு. நாங்களும் பாக்கண்டாமா?"

"நீ அடுத்த படத்துல பாரு" என்றாள் விக்டோரியா. கையை எடுக்கவில்லை.

மதுமிதா ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். வண்ணத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. சிவப்பு அவர்களுக்கு அழகாகத்தான் இருந்திருக்க வேண்டும், சாயங்கால வெயில் விழுந்தது போல. கேட்டது ஒரே ஆள். வெளியூர்க்காரர்.

அதைச் சொல்வதற்கு முன் கடற்கரை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பூசையில் அறிவிப்பார்கள். மூன்றாவது ஓலையும் வாசித்தால்தான் கல்யாணம். இன்னொன்று, இந்த ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். கடைசி மகளுக்கு அம்மாவின் வீடு சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான்.

அன்று காலைப் பூசையில் மிக்கேல் என்ற வள்ளக்காரரின் கடைசி மகள் ஜெனிபாவுக்கு முதல் ஓலை வாசித்திருந்தார்கள். மாப்பிள்ளை சுனில் மஸ்கட்டில் வேலை பார்ப்பவன், குளச்சலுக்கு மேற்கே ஒரு ஊர்க்காரன். லீவில் வந்திருந்தான். அவனுடைய தாய்மாமன் அன்று பூசைக்கு வந்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பங்குமன்றத்துக்குள் நுழைந்தார். கோயில் வேலை பார்க்கும் உபதேசியாரிடம் கேட்டார்.

"ஓய், இந்தச் சிவப்பு என்னவாக்கும்?"

"கடலு எடுக்கப்போற எடம்."

"மிக்கேலுக்க வீடு எங்க?"

"அந்தா, நடுவுல."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் மிக்கேலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடல் எடுக்கப்போகிற வீட்டைச் சீதனமாகக் கொடுத்துப் பையனை ஏமாற்றப் பார்க்கிறீர்களா, வேறு வீடு காட்டுங்கள், இல்லாவிட்டால் ஓலையை நிறுத்துங்கள்.

மிக்கேல் பங்குச்சாமியாரிடம் ஓடினார். சாமியார் இளைஞர், குசும்பு பிடித்தவர். "சிவப்புக் கலரு திருச்சபைச் சட்டத்துல தடையில்ல" என்று சொல்லி, அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலையை வாசித்துவிட்டார். ஆனால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. மூன்றாவது ஓலைக்கு முன் தங்கள் ஊர்க் கோயிலில் போய்த் தடை சொல்லப்போவதாகச் செய்தி வந்தது. ஓலை பாதியில் நின்ற பெண்ணை அதற்குப் பிறகு ஊர் எப்படிப் பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். காரணம் யாருக்கும் நினைவிருக்காது. நின்றது மட்டும் நினைவிருக்கும்.

மறுநாள் மிக்கேல் இந்த அலுவலகத்துக்கு வந்தார். பேரவைக்காரர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். மிக்கேல் நாற்காலியில் உட்காரவில்லை. மதுமிதாவின் மேசையருகே போய் நின்றார்.

"மோளே, நான் ஒன்னயக் குத்தம் சொல்லல்ல. நல்ல படமாக்கும். எனக்க வீட்ட மட்டும் மஞ்சளாக்கித் தா."

"மாத்த முடியாதுங்க மாமா."

"ஏன் முடியாது? ஒனக்க பெட்டியில ஒரு தட்டு தட்டினா மாறும்லா. எனக்க மவன் போன்ல அவனுக்க மொகத்தையே வெள்ளையாக்குதான்."

பேரவைக்காரர்கள் சிரித்தார்கள். மிக்கேல் சிரிக்கவில்லை.

"கலர் மாறுங்க. தண்ணி மாறாது" என்றாள் மதுமிதா.

பேரவைக்காரர்களில் மூத்தவர் முன்னால் வந்தார். "தண்ணி பொறவு வரட்டும் பிள்ளே. கல்யாணம் இந்த மாசமாக்கும்."

 அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, ஒரு பொண்ணுக்க வாழ்க்கை நின்னு போச்சின்னா, இனி சர்வே கிர்வேன்னு ஒருத்தனும் நமக்க ஊருக்குள்ள கால் வைக்கப்பிடாது. சொல்லியாச்சு."

அவர்கள் போன பிறகு மதுமிதா சென்னைத் தலைமையிடத்துக்குப் போன் செய்தாள். மேலதிகாரி நிதானமான மனிதர்தான். வரைவுதானே, ஒரு வீட்டை மஞ்சளாக்கிவிட்டு அனுப்பிவிடுங்கள், சமர்ப்பிக்கும் நேரம் நெருங்கிவிட்டது, நாம் சமூகத்தின் பக்கம் நிற்க வேண்டும் என்றாராம். எல்லாம் நல்ல சொற்கள். போனை வைத்துவிட்டு அவள் வெகுநேரம் ஜன்னல் வழியாகச் சவுக்குத் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு வீட்ட மாத்தினா நாளைக்குப் பக்கத்து வீடு வரும். அப்புறம் அந்தத் தெரு. கடைசியில படத்துல சிவப்பே இருக்காதுங்க. சிவப்பு இல்லாத ஊருக்குத் திட்டமும் வராது. ஆனா அந்தப் பொண்ணு கல்யாணம் என்னாலதான நிக்குது. நான் படத்தக் கழட்டிட்டு ஊருக்கே போயிடறேன்."

மக்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அழுத்தம் வரும்போது மனசுக்கு உடனே தோன்றும் வழிகள் எல்லாமே பொருளை அசைப்பதாகத்தான் இருக்கும். வண்ணத்தை மாற்று, படத்தைக் கழற்று, ஆளே போய்விடு. எல்லாமே சுவரைப் பற்றியது. சுவரிலிருந்து படத்தை எடுத்தால் அது ஊர்க்காரர்களின் மனசில் தொங்கும், இன்னும் பெரிதாக, இன்னும் சிவப்பாக.

எனக்கு அந்த நேரத்தில் வந்தது ஒரு நர்சம்மாவின் முகம். என் அம்மாவை நெய்யூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது அந்த வார்டில் இருந்தவர். பெயர் கேட்டு வைக்கவில்லை. கெட்ட சேதி ஏதாவது இருந்தால் அந்த அம்மா வராந்தாவில் நின்று சொல்ல மாட்டார். உள்ளே கூட்டிப்போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு, நம்மை உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து, அப்புறம்தான் சொல்வார். சொல்லி முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். நாம் கேட்க நினைக்கும் கேள்வி தொண்டையிலிருந்து வாய்க்கு வரும்வரை உட்கார்ந்திருப்பார். என் அம்மாவைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார். நாங்கள் வராந்தாவில் வைத்துச் சொல்லிவிட்டோம் என்று எனக்குப் புரிந்தது. அதுவும் கேட்க வேண்டிய மாப்பிள்ளையின் அம்மா இல்லாத நேரத்தில்.

"மக்கா, படத்தச் சுருட்டு" என்றேன். "நாம மாப்பிள வீட்டுக்குப் போறோம்."

"மாத்திட்டா?"

"மாத்தாம."

மிக்கேல் எங்களோடு வர மறுத்துவிட்டார். பெண் வீட்டுக்காரன் கெஞ்சப் போகக் கூடாது என்றார். அதுவும் நல்லதாகப் போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். தை மாதக் கடல் பால் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. கரையோர ரோட்டில் தென்னை நிழலும் வெயிலும் மாறி மாறி ஜீப்புக்குள் விழுந்தன. அவள் சுருட்டிய படத்தை மடியில் வைத்தபடி தூங்கிவிட்டாள். வாரம் முழுவதும் தூங்கியிருக்க மாட்டாள். வலது பக்கம் மலை நீலமாகக் கூடவே வந்தது, இடது பக்கம் கடல் வெளிறிக் கூடவே வந்தது. நடுவில் நாங்கள் போகிறோமா, அல்லது அவை இரண்டும் போய்க்கொண்டிருக்க நாங்கள் அசையாமல் நிற்கிறோமா என்று எனக்கு ஒரு மயக்கம். இந்தக் கடலா வீடு எடுக்கும் என்று எனக்கே தோன்றியது. யார் நம்புவார்கள்? அந்தக் கேள்வியோடுதான் வண்டியை நிறுத்தினேன்.

சுனிலின் அம்மா பிலோமி அக்கா மீன் வியாபாரம் செய்பவர். எனக்கு நிவாரணக் காலத்திலிருந்தே பழக்கம். முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சுனில் கதவருகே சாய்ந்து நின்றான்.

"துரையா? நீ வந்தா வாய் முன்னால வரும், ஆளு பொறவு வருவான். இரி" என்றார். மதுமிதாவைப் பார்த்தார். "இதாக்கும் கலரடிச்ச பிள்ளையா?"

நான் படத்தை விரிக்கச் சொன்னேன். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன். எனக்குப் பேச வரும். சிவப்பு என்றால் அரசாங்கம் முதலில் பார்க்கும் இடம், கடலுக்குத் தடுப்புக் கல் போடுவதானாலும் ரோடு போடுவதானாலும் சிவப்புக்குத்தான் முதல் வரிசை, அந்த வீடு கிடைக்க சுனில் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

"அப்பம் எனக்க வீட்டுக்கும் கொஞ்சம் சிவப்படிச்சுத் தரச் சொல்லு" என்றார் அக்கா.

"அண்ணாச்சி சொல்றது பாதிதாங்க அம்மா" என்றாள் மதுமிதா.

எனக்குச் சுருக்கென்றது. வெளியாட்களின் முன்னால் என்னை அப்படி யாரும் வெட்டிப் பேசியதில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். எங்கே மூட வேண்டும் என்று தெரிவதும் ஒரு திறமை, எல்லோருக்கும் வராது.

"மீதிப் பாதி?" என்றார் அக்கா.

"ஆடிக் கடல்ல தண்ணி அந்த வீட்டுக்குள்ள வரும். வருஷா வருஷம் வராது. ஆனா வரும். எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

பிலோமி அக்கா படத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "பிள்ளே, நான் ஒண்ணு கேக்கேன். கள்ளம் சொல்லப்பிடாது. நீ அந்த வீட்டுல கெடப்பியா?"

நான் அவளுக்குக் கண் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. முற்றத்தில் ஒரு காக்கை மீன் செதிலைக் கொத்திக்கொண்டிருந்தது. கடல் சத்தம் துளிகூட இல்லை. அவள் யோசித்தாள்.

"ஆனி ஆடி ரெண்டு மாசமும் கெடக்க மாட்டேன். மத்த மாசமெல்லாம் கெடப்பேன்."

தாய்மாமன் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "கேட்டியா அக்கா, அந்தப் பிள்ளையே கெடக்க மாட்டேங்கு."

"நீ சும்மா இரிலே" என்றார் அக்கா. ஆனால் அவர் முகமும் சுருங்கிவிட்டது. சுனில் தலையைக் குனிந்துகொண்டான். அந்த நிமிடத்தில் கல்யாணம் முறிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

இங்கேதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். தயவுசெய்து கவனித்துப் படியுங்கள், ஏனென்றால் இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"அக்கா, இந்த வீடு யாருக்கு?"

"எந்த வீடு?"

"நீங்க இருக்கப்பட்ட இந்த வீடு."

"எனக்க எளைய மவளுக்கு. வேற ஆருக்கு?"

நான் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தேன். நர்சம்மா உட்கார்ந்தது போல.

அக்கா திரும்பித் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். ஜன்னல் உயரத்தில் ஒரு கோடு மங்கலாக ஓடியது. சுனாமித் தண்ணீர் நின்ற கோடு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெள்ளையடிக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் அது மறுபடி மேலே வருகிறது, தூக்கத்தில் வரும் முகம் போல.

"பிள்ளே, இந்த வீடு என்ன கலரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்க ஊர நான் பாக்கலிங்க. பாக்காம சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லாண்டாம். எனக்குத் தெரியும்." பிறகு யாரிடமோ பேசுவது போலச் சொன்னார். "இன்னைக்கு மிக்கேலுக்க மவளுக்கு நான் தடை சொன்னா, நாளைக்கு எனக்க மவளுக்கு ஒருத்தன் வந்து சொல்லுவான்."

"அப்பம் கடலுக்குள்ள கொண்டு பையனத் தள்ளப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே தாய்மாமன் வெளியே வந்தார்.

"ஆனி ஆடிக்கு நாம எங்கலே கெடக்கோம்? ரோட்டுக்கு அந்தால பெரியக்கா வீட்டுலதானே. மறந்து போச்சா?" பிறகு என்னைப் பார்த்தார். "துரை, மிக்கேலுக்கு ரோட்டுக்கு அந்தால துண்டு எடம் வல்லதும் உண்டுமா?"

இருந்தது. மிக்கேலின் வலைக்கொட்டகை ரோட்டுக்கு மேல்பக்கம், படத்தில் பச்சைக்குள் நின்றது. மதுமிதா விரலை வைத்துக் காட்டினாள். நான் உடனே போனைப் போட்டேன்.

"மிக்கேலு, வலைக்கொட்டகைய ஒரு ரூமாக்கணும். மவ பேருல எழுதணும்."

"அப்பம் வலைய எங்க வைப்பேன்?"

"ஒனக்க தலையில வை."

பிலோமி அக்கா போனைப் பிடுங்கினார். "சம்மந்தி, வீடும் வேணும், ரோட்டுக்கு அந்தால ஒரு ரூமும் வேணும். ஆனி ஆடிக்குப் பிள்ளைங்க அங்க கெடக்கும். மத்த மாசம் கடலப் பாத்துக் கெடக்கட்டும். சம்மதமா?"

அந்தப் பக்கம் மிக்கேல் அழுதாரா, தும்மினாரா என்று தெரியவில்லை. சம்மதம் என்றார். சுனில் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அவகிட்ட நான் போன்ல பேசியாச்சு. வீடு போனா போட்டும், ஆளு போகப்பிடாதுன்னு சொல்லுதா."

"ஓ, அந்த அளவுக்குப் பேச்சு நடந்தாச்சா?" என்றார் அக்கா. "பொறவு எதுக்குலே நாங்க இஞ்ச இருந்து பஞ்சாயத்துப் பண்ணுதோம்?"

மூன்றாவது ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நடந்தது. படம் சிவப்பாகவே பங்குமன்றத்தில் தொங்கியது, ஒரு புள்ளிகூட மாறாமல். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாரம் நானும் மதுமிதாவும் சிவப்புக்குள் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் போய்ப் பாயில் உட்கார்ந்தோம். உங்களுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்டோம். தங்கை வீடு உள்ளவர்கள், தோப்பு உள்ளவர்கள், யாருமே இல்லாதவர்கள். யாருமே இல்லாதவர்களுக்கு ஊர்ப் புறம்போக்கில் பொதுவாக அறைகள் கட்டலாம் என்று அவள் எழுதினாள். "பின்வீடு" என்று அதற்குப் பெயர் வைத்தாள். வேறு கரைகளிலும் இப்போது அப்படிச் செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். சில வருடங்கள் கழித்து ஒரு ஆடியில் கடல் மிக்கேல் வீட்டு முன்னறைக்குள் ஏறி, பெஞ்சு நாற்காலியெல்லாம் இழுத்துக்கொண்டு போனது. ஜெனிபாவும் குழந்தையும் அப்போது வலைக்கொட்டகை அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தை மாதம் மறுபடியும் கீழ்வீட்டுக்கு வந்து வெள்ளையடித்துக்கொண்டார்கள்.

அந்த வேலையை வைத்து நிறுவனம் ஒரு கையேடு போட்டது. உங்களுக்கும் முதல் நாளே கொடுத்திருப்பார்கள். படத்தைப் பொதுவில் தொங்கவிடுவதற்கு முன்னால், ஆபத்துப் பகுதியில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. யாரிடம் சொல்கிறோமோ அவர்களுடைய சொந்த வீட்டைப் பற்றியே கேட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று இன்னொரு விதியும் இருக்கிறது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

மதுமிதா இன்று பெரிய இடத்தில் இருக்கிறாள். எங்கே பேசினாலும் "நாங்கள்" என்றுதான் சொல்கிறாள். நல்ல பிள்ளை. அவள் அன்று பொய் சொல்லியிருந்தால் என் கேள்விக்கு மதிப்பே இருந்திருக்காது, அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் கையேட்டைத் திறந்து பாருங்கள். ஆசிரியர் மதுமிதா. மேற்பார்வை, வரைவை மாற்றி அனுப்பச் சொன்ன அதே சென்னை அதிகாரி. கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், போக்குவரத்து உதவி: செல்லத்துரை. பிலோமி அக்காவின் பெயர் எங்கேயுமே இல்லை.

புதிய பதிப்பு அச்சுக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்டேன். அதைத் திருத்தும் வேலை உங்கள் கையில்தான் கொடுத்திருக்கிறார்களாம். பின்வீடு என்ற பகுதியின் தொடக்கத்தில் பிலோமி அக்காவின் பெயரைப் போடுங்கள். அந்த இரண்டு விதிகளுக்கும் மேலே என் பெயரைப் போடுங்கள், தலையெழுத்தோடு, ஞா. செல்லத்துரை என்று. வண்டி ஓட்டியது நான்தான், அதை நான் மறுக்கவில்லை. எந்த வீட்டு வாசலுக்கு ஓட்ட வேண்டும் என்று தீர்மானித்ததும் நான்தான். அதை எழுதுங்கள்.